காகிதம் வாங்கலாம், இரும்பு வேண்டாம்: பீச் ரோட்டுப் பக்கம் ஒரு போர்ப்பொருள் கடை

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கடையில் ஜெர்மன் படைவீரர்களின் நினைவு அட்டைகள் நன்றாக இருக்கின்றன, விலையும் பரவாயில்லை. தலைக்கவசம், பதக்கம் என்று இரும்புப் பக்கம் திரும்பினால் பாதிக்கு மேல் சந்தேகம். அப்புறம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். அதில் உள்ளதை அவர்கள் விற்கவே கூடாது.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், முதலாளியும் விளம்பரம் வேண்டாம் என்பவர். சிங்கப்பூர் பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் மேல்மாடியில் ராணுவச் சந்தை இருக்கிறதே, தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் பூட்ஸும் பையும் வாங்கும் இடம், அங்கே போய்த் தேடாதீர்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பழைய வணிக வளாகம் ஒன்றின் மூன்றாம் மாடி. இந்தப் பக்கம் தையல் கடை, அந்தப் பக்கம் எப்போதும் பூட்டிக் கிடக்கும் பயண நிறுவனம், நடுவில் பெயர்ப்பலகை இல்லாத கண்ணாடிக் கதவு. மணி அடித்தால் திறப்பார்கள். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு இவ்வளவு அடையாளம் போதும்.

முதலாளி எழுபதைத் தாண்டிய சீனர். எல்லாரும் 'அங்கிள்' என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான், எனக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும். விலை விஷயத்தில் மனிதர் சரியான எம்டன். கடையைக் கவனித்துக்கொள்வது ஈசூனிலிருந்து வரும் தமிழ்ப் பையன் ஒருவன். மரியாதையான பையன், பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுவான், வாங்காமல் போனாலும் முகம் சுளிக்க மாட்டான். சிங்கப்பூர்க் கடைகளில் இதற்கே தனியாக மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தமிழனுக்கு ஜெர்மன் பட்டாளத்து அட்டை எதற்கு என்று என் மனைவி கேட்பாள். நான் அச்சுக் கோத்தவன். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்து, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தில் அடித்துப் பழகியவன். ஆஃப்செட் வந்ததும் வேலை போனது, பழக்கம் போகவில்லை. அதோடு எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம், ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான் எங்கள் பங்கு. அம்மாவின் ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் புனிதர் படங்களுக்கு நடுவே செத்துப்போன சொந்தக்காரர்களின் படங்களும் இருக்கும். பவேரியாக்காரர்களின் ஜெபப் புத்தகமும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பவேரியா, ஆஸ்திரியா, தென் டிரோல் போன்ற கத்தோலிக்கப் பகுதிகளில் யாராவது இறந்தால் இரங்கல் பூசைக்கு வந்தவர்களுக்கு உள்ளங்கையளவு அட்டை ஒன்று கொடுப்பார்கள். ஜெர்மனில் 'ஸ்டெர்பெபில்ட்' என்று பெயர். கறுப்புக் கரை போட்டிருக்கும். ஒரு பக்கம் சிலுவையில் இயேசு, அல்லது மடியில் மகனைக் கிடத்திய மாதா. மறுபக்கம் இறந்தவரின் படம், பெயர், ஊர், பிறந்த நாள், இறந்த நாள், கீழே ஒரு ஜெபம். பட்டாளத்தில் செத்தவனுக்கும் இதே அட்டைதான். சீருடையில் படம், பதவி, செத்த இடம், பக்கத்தில் இரும்புச் சிலுவைச் சின்னம், இவ்வளவுதான் கூடுதல். உடல் ரஷ்யாவில் எங்கோ கிடக்கும், ஊர்க் கோயிலில் பெட்டி இல்லாமல் பூசை நடக்கும், வந்தவர்கள் அட்டையை வாங்கி ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பாட்டிகள் காலமான பிறகு வீட்டைக் காலி செய்யும்போது புத்தகத்தோடு அட்டைகளும் பழைய சாமான்காரரிடம் போகின்றன. அங்கிளுக்குத் தெற்கு ஜெர்மனியில் இருக்கும் ஒரு வியாபாரி பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்.

இந்தக் கடையின் நல்ல பகுதி கதவுக்கு இடப்பக்கம் இருக்கும் மர இழுப்பறைகள். அட்டைகள் ஆண்டு வாரியாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், விலையைப் பென்சிலால் உறைக்கு வெளியே ஒட்டிய துண்டில் எழுதியிருக்கிறார்கள். அட்டையிலேயே பால்பாயிண்ட் பேனாவால் விலை கிறுக்கும் வியாபாரிகளை இணையத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். உறையும் பிவிசி இல்லை, பாலியெஸ்டர். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிவிசி உறை சில வருடங்களில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அங்கிள் இதில் கெட்டி.

இரண்டாம் உலகப்போர் அட்டை சாதாரணமானது 12 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலரைத்தான் சொல்கிறேன்) 18 வெள்ளி வரை. முதல் உலகப்போர் என்றால் கொஞ்சம் கூட. விமானி, பாராசூட் படை, நீர்மூழ்கிக் கப்பல் என்றால் 60 வெள்ளிக்குக் குறையாது. ஜெர்மனியில் சந்தைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும் சாமான்தான், ஆனால் அனுப்பும் செலவு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி, பார்க்காமல் வாங்கும் ஆபத்து எல்லாம் சேர்த்தால் இந்த விலை எனக்குக் கட்டுப்படியாகிறது. ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. முதல் உலகப்போரில் ஹிட்லர் இருந்தது 16ஆவது பவேரிய ரிசர்வ் காலாட்படை ரெஜிமெண்டில். அந்த ரெஜிமெண்ட் 1914 அக்டோபர் கடைசியில் பெல்ஜியத்தில் யீப்ரஸ் பக்கம் முதல் சண்டையிலேயே நொறுங்கியது, தளபதி கர்னல் லிஸ்டும் அங்கேயே செத்தார். அப்போது செத்த ஒரு பையனின் அட்டைக்கு அங்கிள் 140 வெள்ளி போட்டிருக்கிறார். அந்தப் பையனுக்கு ஹிட்லர் யாரென்றே தெரிந்திருக்காது, பாவம். உலகம் முழுக்க வியாபாரிகள் இதையேதான் செய்கிறார்கள் என்பதால் அங்கிளை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. நான் வாங்கவில்லை.

போலி வருமா? அட்டைகளில் குறைவு, ஏனென்றால் 15 வெள்ளிப் பொருளைப் போலி செய்து யாருக்கு லாபம்? ஆனால் விமானி, பாராசூட் வகைகளில் வரும். நான் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் விரல். ஈய எழுத்தில் அடித்தது என்றால் எழுத்து காகிதத்தை அழுத்தியிருக்கும். அட்டையைத் திருப்பி விரல் நுனியால் தடவினால் முதுகில் மெல்லிய மேடு தட்டும், சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கும் தெரியும். நகல் எடுத்தது வழுவழுவென்று இருக்கும். அடுத்தது லென்ஸ். ஈய எழுத்தில் மை ஓரத்துக்குப் பிதுங்கும், அதனால் எழுத்தின் விளிம்பு நடுப்பகுதியைவிடக் கறுப்பாக இருக்கும். படத்தைப் பிளாக், அதாவது உலோக அச்சுத் தகடு, போட்டு அடித்திருந்தால் ஒரே கறுப்பு மையில் வரிசையான புள்ளிகள். அதில் நீலமும் சிவப்பும் மஞ்சளும் பொடிப்பொடியாகத் தெரிந்தால் கணினி அச்சு, கையைக் கழுவிவிடுங்கள். சில அட்டைகளில் பிளாக் இல்லாமல் நிஜமான புகைப்படத்தையே ஒட்டியிருப்பார்கள், அதில் புள்ளியே இருக்காது. கடைசியாகப் புற ஊதா டார்ச். காகிதத்துக்கு வெள்ளை கூட்டும் ஒளிர்வூட்டியைப் போருக்குப் பிறகுதான் ஆலைகள் கலக்க ஆரம்பித்தன. இருட்டில் அட்டை நீலமாகப் பளிச்சிட்டால் அது 1942இல் அடித்தது இல்லை. இந்தக் கடையின் அட்டைகளில் இதுவரை எனக்கு ஒன்றுகூட அப்படிப் பளிச்சிட்டதில்லை.

அச்சுக்காரன் கண்ணுக்கு இன்னொரு விருந்து எழுத்துரு. ஜெர்மன்காரர்களின் முறுக்கு எழுத்தான ஃபிராக்டூரை நாஜிகளே 1941 ஜனவரி 3 தேதியிட்ட சுற்றறிக்கையில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நாஜி என்றாலே அந்த எழுத்துதான் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் 1943, 1944 அட்டைகளை எடுத்துப் பாருங்கள், பல அதே ஃபிராக்டூரில்தான் இருக்கின்றன. பெர்லின் உத்தரவு போடலாம். கிராமத்து அச்சகக்காரன் பெட்டி பெட்டியாக வைத்திருக்கும் ஈயத்தை என்ன செய்வான்? புது எழுத்து வாங்கக் காசு யார் கொடுப்பார்கள்? எங்கள் அச்சகத்தில் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதும் பழைய 'லை'யின் கொம்பு சில வருடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த எழுத்தைப் படிக்கப் பழகாமல் அட்டை சேர்க்கப் புறப்படாதீர்கள். நீண்ட 'எஸ்' பார்ப்பதற்கு 'எஃப்' போலவே இருக்கும். பெரிய 'பி'யும் 'வி'யும் இரட்டைப் பிள்ளைகள். 'கே'யைப் பார்த்து 'டி' என்று நினைப்போம். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் தேடுகிற ஆள் கிடைக்க மாட்டான். ஏனென்றால் அட்டையை வாங்குவதோடு வேலை முடிவதில்லை, எனக்குச் சுவாரசியமே அதற்குப் பிறகுதான்.

ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பூண்ட் என்ற அமைப்பு 1919இல் தொடங்கியது. 46 நாடுகளில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடலாம், காசு கிடையாது. கல்லறை இருந்தால் எந்த ஊர், எந்தப் பிளாக், எந்த வரிசை, எந்தக் குழி என்பதுவரை வரும். உடல் இன்னும் மீட்கப்படவில்லை என்றால் அதையும் சொல்லும். கடையில் வாங்கிய அட்டை ஒன்றை வைத்துச் சொல்கிறேன், ஆளின் பெயர் வேண்டாம். கீழ் பவேரியாவில் ஒரு விவசாயி வீட்டுப் பையன், வயது 22, 1944 பிப்ரவரி நடுவில் இத்தாலியில் காசினோ அருகே சாவு. தேடினால் காசினோவுக்குப் பக்கத்தில் கைரா என்ற ஊரில் இருக்கும் ஜெர்மன் கல்லறைத் தோட்டத்தில் ஆள் இருக்கிறான். அங்கே மட்டும் 20,000 பேருக்கு மேல்.

அந்த வாரம் காசினோவில் எதிர்ப்பக்கம் நின்றது யார் தெரியுமா? நான்காவது இந்தியப் படைப்பிரிவு. பிப்ரவரி 15இல் மலை மேல் இருந்த மடத்தைக் குண்டு போட்டுத் தகர்த்தார்கள், தொடர்ந்து வந்த இரவுகளில் ராஜபுத்தானா ரைஃபிள்ஸும் கூர்க்காக்களும் மேலே ஏறினார்கள். அதே மாதம் 24ஆம் தேதி, அங்கிருந்து தெற்கே மிஞ்ஞானோவில், மதராஸ் சப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்ரமணியன், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், வெடிக்கப்போன கன்னிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். அவருக்கு இறந்த பிறகு ஜார்ஜ் சிலுவை என்ற பிரிட்டிஷ் வீர விருது கொடுத்தார்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் தேடிப் படிக்கும்போதுதான் 15 வெள்ளிக்கு எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று தெரிகிறது. கடைக்காரப் பையனிடம் சொன்னேன், 'உண்மையாவாண்ணே, நம்மாளுங்க அங்க இருந்தாங்களா?' என்று கேட்டான். படைத்துறைப் பொருள் விற்கிற கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

அட்டை எல்லாவற்றையும் சொல்லாது, இதையும் நினைவில் வைக்க வேண்டும். முதல் போர் அட்டைகளில் ரெஜிமெண்ட் எண், கம்பெனி எண் எல்லாம் விவரமாக இருக்கும். இரண்டாம் போரில் ரகசியம் கருதிப் பெரும்பாலும் 'ஒரு மலைப்படை ரெஜிமெண்டில்' என்று மொட்டையாகத்தான் போட்டிருப்பார்கள். காலாட்படை ரெஜிமெண்டுகளுக்கு 1942 அக்டோபரில் 'கிரெனடியர்' என்று பெயர் மாற்றினார்கள், அதை வைத்துக் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். செத்த இடமும் தேதியும்தான் மீதி வழி. என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது, மலைப்படை ஆள், 1943 இலையுதிர்காலத்தில் கிரேக்கத்தின் மேற்குப் பக்கம் சாவு. அந்தப் பகுதியில் அப்போது இருந்தது முதலாவது மலைப்படைப் பிரிவு. அதன் 98ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த ஒரு கம்பெனி 1943 ஆகஸ்ட் 16இல் கொமேனோ என்ற கிராமத்தில் 317 பேரைக் கொன்றது, குழந்தைகள் உட்பட. அடுத்த மாதம் கெஃபலோனியா தீவில் சரணடைந்த இத்தாலியப் படையினரைச் சுட்டுத் தள்ளியதும் இதே பிரிவுதான். இந்தப் பையன் அங்கே இருந்தானா என்பதை அட்டை சொல்லாது. அட்டையில் நல்ல மகன், நல்ல தம்பி, இயேசுவின் இரக்கம், இவ்வளவே. இதைத் தெரிந்துகொண்டு சேர்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சு உண்டு. நாஜிக் கறுப்புச் சீருடைப் பளபளப்புக்காகச் சேர்க்கிறவர்களும் இந்தக் கடைக்கு வருகிறார்கள், அவர்களைக் கண்டால் நான் தையல் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

சரி, இரும்புக்கு வருவோம்.

சுவரில் எட்டுப் பத்துத் தலைக்கவசங்கள் மாட்டியிருக்கின்றன. நடுநாயகமாக இருப்பதில் 'எம் 35, இரட்டைச் சின்னம், 1,900 வெள்ளி' என்று சீட்டு. எம் 35 என்பது 1935 மாடல், இரட்டைச் சின்னம் என்றால் ஒரு பக்கம் மூவண்ணக் கேடயம், மறுபக்கம் கழுகு. கையில் எடுத்துப் பார்த்தேன். எம் 35 என்றால் பக்கவாட்டுக் காற்றுத் துளைகளில் தனியாகச் செய்து பொருத்திய வளையம் இருக்கும். இதில் துளை தகட்டோடு சேர்ந்தே அழுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே எம் 40. விளிம்பு உள்பக்கம் மடித்திருப்பதால் எம் 42 கிடையாது, அதில் விளிம்பை மடிக்காமல் வெளியே விரித்து அப்படியே விட்டிருப்பார்கள். மூவண்ணக் கேடயச் சின்னத்தை 1940 மார்ச்சில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், எம் 40 வந்ததும் அதே சமயம்தான். ஆக எம் 40இல் கேடயமும் கழுகும் சேர்ந்திருந்தால் உடனே காசை எடுக்காமல் யோசிக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் யோசிக்கவே தேவையில்லை: துருப்பிடித்துக் குழிந்த இடத்துக்குள்ளேயும் சின்னத்தின் வெள்ளை இறங்கியிருக்கிறது. துரு முதலில் வந்தது, சின்னம் பிறகு வந்தது. ஓடு அசல்தான், உள்ளே இடப்பக்கம் தயாரிப்பாளர் முத்திரையும் அளவும் சரியாக இருக்கின்றன. சின்னம் இல்லாமல் பாதி விலைக்கு விற்றால் நானே பரிந்துரைப்பேன்.

அதற்குப் பக்கத்தில் 'ஜெர்மன்' என்று சீட்டு ஒட்டியிருப்பது ஸ்பெயின்காரர்களுடையது. முன்நெற்றியில் சின்னம் செருகும் கொக்கி இருக்கிறது, எந்த ஜெர்மன் கவசத்திலும் அது கிடையாது. பையனிடம் காட்டினேன். 'பாஸ்கிட்ட சொல்றேண்ணே' என்றான். அடுத்த தடவை போனபோதும் அதே சீட்டு.

இரும்புச் சிலுவைகள் ஒரு தட்டு நிறைய. 1939 இரண்டாம் வகுப்புச் சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது, நடுவில் இரும்பு, சுற்றி இரண்டு வெள்ளிச் சட்டங்கள். காந்தம் ஒட்ட வேண்டும், சட்டத்தின் ஓரத்தில் ஒட்டவைத்த கோடு தெரிய வேண்டும். காந்தத்தைக் கேட்டேன், தேடினார்கள், கிடைக்கவில்லை. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரும்புப் பக்கத்தில் தைரியமாக வாங்கக்கூடியது சாப்பாட்டுச் சாமான்தான். எம் 31 தண்ணீர்க் குடுவை, அலுமினியம், மேலே கம்பளி உறை, வாயில் கவிழ்த்த கறுப்புக் கிண்ணம். குடுவைக் கழுத்தில் தயாரிப்பாளர் குறியும் ஆண்டும் அடித்திருக்கும், கிண்ணத்திலும் இருக்கும். இரண்டும் ஒரே ஆண்டாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பட்டாளத்தில் மாறிப்போயிருக்கும். 95 வெள்ளிக்கு ஒன்று எடுத்தேன், குறை இல்லை. உறைக் கம்பளியில் பூச்சி விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

இனி அந்தத் தட்டு. ஜெர்மன் படைவீரன் ஒவ்வொருவனும் கழுத்தில் நீள்வட்ட வில்லை ஒன்று போட்டிருப்பான். நடுவில் உடைப்பதற்குத் துளைக்கோடு, இரண்டு பாதியிலும் ஒரே விவரம்: படைப்பிரிவு, எண், இரத்த வகை. பெயர் இருக்காது. ஆள் செத்தால் கீழ்ப்பாதியை உடைத்து அறிக்கையோடு அனுப்புவார்கள், மேல்பாதி உடலோடு போகும். எண்ணுக்கு எதிரே எந்தப் பெயர் என்ற பதிவேடு பெர்லினில் ஓர் அலுவலகத்தில் இருந்தது, 2019இலிருந்து அது ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பகுதி. கிழக்கு ஐரோப்பாவில் இன்றும் எலும்புகளைத் தோண்டி எடுத்துக் கல்லறைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எலும்போடு வில்லை கிடைத்தால் ஆளுக்குப் பெயர் கிடைக்கும். வில்லையை எவனாவது முன்னாலேயே தோண்டி விற்றுவிட்டால் செத்தவன் பெயர் தெரியாதவனாகவே புதைக்கப்படுவான்.

கல்லாப் பக்கத்துத் தட்டில் இருப்பவை அந்த வில்லைகள். பல பாதியாக, துத்தநாகம் வெளுத்து, துளைக்குள் மண் காயாத குறையாக. ஒன்று 45 வெள்ளி. 'இதுதாண்ணே நல்லா போகுது, டூரிஸ்ட் கேட்டு வாங்குறாங்க' என்றான் பையன். அங்கிளிடம் நேராகவே கேட்டேன். தோண்டியது நானா என்பது அவர் பதில். ஒரு பக்கம் இத்தனை அழகாக அட்டைகளைப் பாதுகாக்கிற மனிதர் இன்னொரு பக்கம் இதை எப்படி விற்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வில்லைகளில் இருக்கும் எண்களைப் படம் எடுத்து ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டே இருக்கிறார். நீங்கள் போனால் நீங்களும் கேளுங்கள், வாங்க மட்டும் வேண்டாம்.

நம் ஆட்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. நேதாஜி பெயரைச் சொன்னால் நமக்கு மனசு இளகிவிடும். வீட்டில் யாராவது ஒருவர் ஐஎன்ஏ (அவருடைய இந்திய தேசிய ராணுவம்) என்று சொல்லிக்கொள்ளாத பழைய தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. நேதாஜி 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 நீர்மூழ்கியில் கிளம்பி, மடகாஸ்கர் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார். அவர் ஜெர்மனியில் விட்டுவந்த இந்தியப் படையணியின் கைச்சின்னம் பாயும் புலி, மேலே 'ஃபிரைஸ் இண்டியன்' (சுதந்திர இந்தியா) என்ற எழுத்து. நேதாஜி ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களை வியன்னாவில் சூவால் என்ற நிறுவனம் செய்தது. அதே நிறுவனம் போருக்குப் பிறகும் பழைய அச்சுகளில் பதக்கங்கள் அடித்துத் தள்ளியது. ஆகவே 'அதே அச்சு, அதே நிறுவனம்' என்று யாராவது சொன்னால் பொய் சொல்லவில்லை, ஆனால் அது போர்க்காலப் பொருள் என்று அர்த்தமும் இல்லை. இந்தக் கடையில் புலிச் சின்னம் 350 வெள்ளி. புற ஊதா வெளிச்சத்தில் நூல் பால்வெள்ளையாக மின்னியது. தாத்தா நினைவாக வாங்கவேண்டும் என்று தோன்றினால் அந்தக் காசுக்கு எஸ்பிளனேடில் இருக்கும் ஐஎன்ஏ நினைவிடத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. அட்டைகளுக்கு ராமபாணப் பூச்சிதான் எமன். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்கி, ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். லேமினேட் செய்யாதீர்கள். கைக்கு நைந்துபோன அட்டையைக்கூட அப்படியே விடுங்கள், அந்த மடிப்பு புத்தகத்தில் இருந்த மடிப்பு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கிறவர்கள் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, வெற்றுத் தோட்டா போன்றவற்றைத் தொடவே வேண்டாம். காவல்துறை அனுமதி இல்லாமல் அவற்றை உள்ளே கொண்டுவர முடியாது, 'பழைய சாமான்தானே சார்' என்பது சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

கடை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், ஞாயிறு விடுமுறை, வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுப் போனால் பையன் இழுப்பறைகளை வெளியே எடுத்து வைப்பான். பேநவ் (கைபேசி வழிக் கட்டணம்) உண்டு, ரொக்கம் உண்டு, கார்டு கிடையாது. ஐந்து அட்டைக்கு மேல் எடுத்தால் அங்கிள் விலை குறைப்பார், அதற்குக் கீழே வாயே திறக்க மாட்டார். லென்ஸும் டார்ச்சும் காந்தமும் நீங்களே கொண்டுபோங்கள்.

நான் தேடிக்கொண்டிருப்பது ஒன்று இன்னும் வரவில்லை. 1944 செப்டம்பர் 23ஆம் தேதி பினாங்குக்கு அருகே பிரிட்டிஷ் நீர்மூழ்கி டிரெஞ்சன்ட் மூழ்கடித்த யு-859 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ஆட்களில் யாருக்காவது அடித்த அட்டை. 47 பேர் செத்தார்கள், அதில் ஒரு பவேரியாக்காரனாவது இருந்திருக்க மாட்டானா? பவேரியாவின் பாசாவ் பக்கத்திலிருந்து புதுப் பெட்டி ஒன்று தீபாவளிக்குப் பிறகு வருகிறது என்று பையன் சொன்னான். கடற்படை அட்டை இருந்தால் முதலில் எனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு முன்னால் போய் நின்றுவிடாதீர்கள்.